தடுப்பு வரிசை

திராட்சைச் செடியை முழுசாக நம்பக் கூடாது. மேலே பார்ப்பது ஒன்று, கீழே இருப்பது வேறொன்று. பந்தலில் கறுத்துத் தொங்குவது பன்னீர் திராட்சை. அதைச் சுமந்துகொண்டு மண்ணுக்குள் நிற்பதோ, வாயில் வைக்க முடியாத பழம் பழுக்கும் ஏதோ ஒரு காட்டுக்கொடியின் வேர். முழங்கால் உயரத்தில் இரண்டையும் சீவிப் பொருத்தி ஒட்டுக் கட்டியிருப்பார்கள். கொடி எவ்வளவு வேகமாக ஓட வேண்டும், எத்தனை குலை விட வேண்டும், வெயிலில் எப்போது சோர்ந்து தொங்க வேண்டும் என்பதையெல்லாம் அந்தக் கீழ்ப்பாதிதான் முடிவு செய்கிறது. பழத்தைத் தின்கிறவர்கள் யாரும் வேரின் பெயரைக் கேட்பதில்லை. யாரும் கேட்காத அந்தப் பெயருக்காகத்தான் எனக்குப் பதினெட்டு வருடமாகச் சம்பளம் வருகிறது.

நான் வசந்தமணி, வேர் ஆய்வு மையத்தில் கள அலுவலர். கம்பம் பள்ளத்தாக்கில் போர்வெல் ஆயிரத்து இருநூறு அடி தாண்டியும் வெறும் புழுதியாக வந்துகொண்டிருந்த காலத்தில் எங்கள் மையம் 'துணை' என்று ஒரு வேரை உருவாக்கியது. அதன் விசேஷம் ஒன்றே ஒன்றுதான். இரண்டு துணை வேர்கள் மண்ணுக்குள் தொட்டுக்கொண்டால் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். ஈரத்தில் நிற்கிற செடி, காய்ந்து நிற்கிற செடிக்குத் தண்ணீர் அனுப்பும். சொட்டுநீர்க் குழாய் ஒரு மூலையில் அடைத்துக்கொண்டாலும் அந்த மூலை சாகாது. ஒரு தோட்டத்தின் ஐந்நூறு செடியும் கீழே கைகோத்துக்கொண்டு நிற்கும்.

ஒரே தோட்டத்துக்குள் இது நல்ல குணம். வரப்பைத் தாண்டினால் வம்பு. அதனால் விதியும் கூடவே வந்தது. வரப்பை ஒட்டிய கடைசி வரிசையில் மட்டும் பழைய சாதா வேரில்தான் செடி வைக்க வேண்டும்; சாதா வேர் எதனோடும் ஒட்டாது. இதற்குத் தடுப்பு வரிசை என்று பெயர். 'வைத்துவிட்டேன்' என்று விவசாயி கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். வைக்கவில்லை என்று தெரிந்தால் தோட்டம் மொத்தத்தையும் பிடுங்க வேண்டும். பாறைக்குளம்பட்டியில் நாற்பத்தொரு தோட்டங்களுக்குத் துணை கொடுத்தோம். நாற்பத்தொரு கையெழுத்தும் என் அலமாரியில் பத்திரமாக இருந்தன.

ஆறாவது வருடம், ஆனி மாதத்தில் சூசைமாணிக்கம் போன் செய்தார்.

"மேடம், எந் தோட்டத்துல திருட்டுப் போகுது."

"போலீசுக்கில்ல போன் பண்ணணும்?"

"போலீசுக்கு இது புரியாது. தண்ணி திருட்டு. மண்ணுக்குள்ள நடக்குது."

மறுநாள் காலையிலேயே போனேன். சூசைமாணிக்கத்துக்கு அறுபது வயது. வெள்ளை வேட்டியில் மண் படாமல் தோட்ட வேலை பார்க்கத் தெரிந்த மனிதர். ஒன்றரை ஏக்கர், நல்ல போர். மோட்டார் தினம் ஆறு மணி நேரம் ஓடுகிறது. இருந்தும் பந்தலில் இலை வெளிறிக் கிடந்தது.

"இதைப் பாத்துட்டீங்கள்ல? இப்ப அங்கிட்டுத் திரும்புங்க" என்றார்.

வரப்புக்கு அந்தப் பக்கம் ஸ்டெல்லாவின் ஒரு ஏக்கர். இலை கருகருவென்று இருந்தது. குலைகள் தலையில் இடிக்கும் அளவுக்கு இறங்கியிருந்தன.

"அந்தப் புள்ள போர் பங்குனியிலயே செத்துருச்சு. ஊருக்கே தெரியும். மூணு மாசமா சொட்டுத் தண்ணி விடல. பெறகு எங்கிட்டிருந்து வருது இம்புட்டுப் பச்சை? வானத்துலருந்தா?"

ஸ்டெல்லா வரப்போரத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். நாற்பது வயது இருக்கும். கணவர் பழ லாரி ஓட்டுகிறவர். கொச்சிக்கும் கம்பத்துக்குமாக அலைந்து மாதத்தில் இரண்டு நாள் வீட்டுக்கு வருவார். தோட்டம் முழுக்க இவர் பொறுப்பு.

"வாங்க மேடம். மோட்டாரைப் பாக்கணுமா? நல்லாப் பாத்துக்கங்க. உள்ள குருவி கூடு கட்டியிருக்கு, கலைச்சிராதீங்க."

"உங்க செடி அவர் தண்ணியைக் குடிக்குதுன்னு அண்ணன் சொல்றார்."

"குடிக்கும்போல. நான் குடிக்கச் சொன்னேனா? தெனமும் காலையில செத்துருக்கும்னு நெனச்சுத்தான் வர்றேன். உசுரோட இருக்கு. மாதாவே நன்றின்னுட்டு களை வெட்டப் போயிர்றேன்." சிரித்துக்கொண்டே சொன்னவர் சட்டென்று குரலைத் தணித்தார். "மேடம், இன்னும் முப்பத்தஞ்சு நாள். நிறம் ஏற ஆரம்பிச்சிருச்சு. இந்தப் பழ வெட்டு மட்டும் கைக்கு வந்துட்டா புது போருக்கு வழி பொறந்துரும். இது போச்சுன்னா தோட்டத்த விட்டுட்டு நானும் அவுககூட லாரியில ஏறிற வேண்டியதுதான். வேற ஒண்ணும் இல்ல எங்களுக்கு."

அதைக் கேட்டு எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. வருத்தத்தோடு வேலையைத் தொடங்கினேன். செடிகளின் தண்டிலும், வரப்போரம் தோண்டிப் பார்த்த வேர்களிலும் தண்ணீர் ஓட்டத்தை அளக்கும் வளையங்களைக் கட்டினேன். பத்து நாளில் விடை தெரிந்தது. சூசைமாணிக்கம் இறைக்கிற தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு வரப்பைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

இரண்டு பக்கமும் தடுப்பு வரிசை இருக்கும்போது எப்படித் தாண்டியது? இங்கேதான் என் புத்தி புல் மேயப் போனது. துணை வேர் சாதா வேரோடும் ஒட்டிக்கொள்ளப் பழகிவிட்டது என்று முடிவு கட்டினேன். உலகத்தில் யாரும் பார்க்காத விஷயம். கட்டுரை எழுதலாம், மாநாட்டுக்குப் போகலாம் என்று கூட நினைத்தேன். இப்போது சொல்லவே வெட்கமாக இருக்கிறது. தடுப்பு வரிசைச் செடியை நகத்தால் சுரண்டிப் பார்த்திருந்தால் போதும். துணை வேரின் உள்பட்டை இளஞ்சிவப்பு. சாதா வேருக்குப் பச்சை. அடையாளம் தெரியட்டும் என்று நாங்களே வைத்த நிறம் அது. ஆனால் கையெழுத்து இருக்கிறதே, அப்புறம் எதற்குச் சுரண்ட வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் திராட்சை விவசாயிகள் சங்கக் கட்டடத்தில் கூட்டம் போட்டார்கள். நான் அறிக்கையை வாசித்தேன். சூசைமாணிக்கம் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

"நான் சொன்னப்ப கிறுக்கன்னு சொன்னீகல்ல? இப்ப மெஷினே சொல்லுது."

"இப்ப என்ன செய்யணும்கிறீங்க?" என்றார் சங்கத் தலைவர்.

"வரப்புல நாலடி ஆழத்துக்குக் குழி எடுத்து வேர அறுத்துவிடணும். தார்ப்பாய் எறக்கி மூடிரணும். எந் தண்ணி எனக்கு."

ஸ்டெல்லா எழுந்தார். "அண்ணே, அறுங்க. வேணாங்கல. இருவத்தஞ்சு நாள் பொறுத்து அறுங்க. காய எடுத்துக்கிறேன்."

"நான் வியாழக்கெழமை கொடியெல்லாம் வெட்டிக் கவாத்து பண்ணிட்டேம்மா. இனிமேத்தான் எனக்குத் தண்ணி வேணும். தளிர்க் கண்ணு முழிக்கிற நேரத்துல காஞ்சா வருசமே போச்சு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இருபத்தைந்து நாள் தள்ளி வைக்க எனக்கு அதிகாரம் இருந்தது. ஒரு வரி எழுதினால் போதும். ஆனால் தண்ணீர் அவருடையது என்று வளையம் சொல்கிறது. அளவு தெளிவாக இருக்கும்போது இரக்கப்படுவது ஒருதலைப்பட்சம் என்று எனக்குப் பட்டது. "விதிப்படி உடனே துண்டிக்கலாம்" என்றேன். ஸ்டெல்லா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே போனார்.

திங்கட்கிழமை ஜேசிபி வந்தது. வரப்பு நெடுகக் குழி எடுத்தார்கள். மணிக்கட்டுப் பருமனுக்கு வேர்கள் அறுந்து இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தன. வெட்டுவாயிலிருந்து தண்ணீர் சொட்டியது. நான் படம் எடுத்துக்கொண்டேன்.

பன்னிரண்டாம் நாள் மறுபடியும் சூசைமாணிக்கத்திடமிருந்து போன். இந்த முறை குரலில் சண்டை இல்லை.

"மேடம், ஒரு எட்டு வந்துட்டுப் போங்க. கண்ணு முழிச்சுது. ஒரு வெரல் நீளம் தளுத்துச்சு. அப்பிடியே நின்னுபோச்சு."

"தண்ணி?"

"தண்ணிக்கென்ன, கால் வச்சா பொதையுது."

போய்ப் பார்த்தேன். மண் சேறாகக் கிடந்தது. மேலே மொட்டைப் பந்தல். கவாத்துக்குப் பிறகு எல்லாத் தோட்டமும் அப்படித்தான் இருக்கும். ஒரு இலை மிஞ்சாது. ஆனால் இந்நேரம் முழ நீளம் போயிருக்க வேண்டிய தளிர்கள் விரல் நீளத்தில் நின்று நுனி கருக ஆரம்பித்திருந்தன. பக்கத்தில் ஸ்டெல்லாவின் தோட்டம் வேறு விதமாகச் செத்துக்கொண்டிருந்தது. இலை நிறைய இருந்தது, எல்லாம் துவண்டு தொங்கியது. காய்கள் சுருங்கத் தொடங்கியிருந்தன. டேங்கர் தண்ணீர் மூன்று முறை வாங்கி ஊற்றியிருக்கிறார். ஒரு ஏக்கருக்கு அது வாய் கொப்பளிக்கக்கூடக் காணாது.

ஒருவருக்குத் தண்ணீர் இருந்தும் சாகிறது. இன்னொருவருக்கு இலை இருந்தும் சாகிறது. குழியின் நடுவே நின்று கொஞ்ச நேரம் முழித்தேன். பிறகு சூசைமாணிக்கத்தின் பக்கத்து வேரில் ஒரு துண்டு நறுக்கி அயோடின் சொட்டினேன். பள்ளிக்கூடத்தில் உருளைக்கிழங்கில் செய்வோமே, அதேதான். உள்ளே மாவு சேர்த்து வைத்திருக்கிற வேர் என்றால் கறுநீலமாக மாற வேண்டும். மாறவில்லை. இன்னொரு செடி, இன்னொரு வேர். எதுவும் மாறவில்லை.

இருவரையும் கூப்பிட்டேன். குழிக்கு இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவருமாக வந்து நின்றார்கள்.

"அண்ணே, கவாத்து பண்ணினா செடியில இலையே இருக்காது. இலை இல்லாம செடி சாப்பாடு செய்ய முடியாது. அப்ப புதுத் தளிருக்கு யார் சோறு போடறது?"

"வேருதான். வேருல சேத்து வச்சிருக்கும்ல."

"உங்க வேருல ஒண்ணுமே இல்ல. காலிப் பானை."

அவர் நம்பாமல் வேர்த்துண்டை வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

"ஆறு வருசமா அது சேத்தே வைக்கல. தேவைப்படல. இந்த ஊர்ல நீங்க யாரும் ஒண்ணா கவாத்து பண்ண மாட்டீங்க. எல்லார் பழமும் ஒரே வாரத்துல சந்தைக்குப் போனா விலை விழுந்துரும்னு ஆளுக்கொரு மாசம் முறை வச்சிருக்கீங்க. அதனால உங்க பந்தல் மொட்டையா நிக்கிறப்ப பக்கத்துப் பந்தல்ல இலை நெறைஞ்சிருக்கு. உங்க வேர் அந்த இலைகிட்ட வாங்கித் தின்னு பழகிருச்சு. இவங்க கவாத்து பண்றப்ப உங்ககிட்ட இவங்க செடி வாங்கித் தின்னுச்சு."

"அப்ப எந் தண்ணி போனதுக்கு..."

"சோறு வந்துக்கிட்டு இருந்துச்சு. நான் தண்ணியை மட்டும்தான் அளந்தேன்."

தப்பு செய்துவிட்டேன் என்று வெளிப்படையாகச் சொன்னேன். சூசைமாணிக்கம் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் திரும்பி நடந்து போய் ஓஸ் பைப்பை இழுத்துக்கொண்டு வந்தார். குழிக்கு மேலாக அந்தப் பக்கம் வீசினார்.

"புடிம்மா. மோட்டாரப் போடுறேன்."

ஸ்டெல்லா பிடிக்கவில்லை. "தண்ணிய பைப்புல குடுத்துரலாம்ணே. ஒங்க செடிக்குச் சோத்த எதுல குடுக்கறது?"

அது நல்ல கேள்வி. அறுந்த வேர் மறுபடி தேடிப் பிடித்து ஒட்ட ஒரு வருடமாகும். பதிலையும் அவரே சொன்னார். "கீழ வேணாம், மேல கட்டுவோம். எங்கிட்ட நீளக் கொடி நெறையா கெடக்கு. கம்பி மேல குழிய தாண்டி இழுத்து, ஒங்க கடைசி வரிசைத் தண்டோட சேத்துச் சீவிக் கட்டிட்டா பத்து நாள்ல புடிச்சிக்கும். கடைசி வரிசை வாங்கிட்டா மீதிக்கு அதுவே அனுப்பிரும்ல?"

அனுப்பும். பதினெட்டு வருடம் சம்பளம் வாங்குகிற எனக்கு அது தோன்றவில்லை.

ஆனால் எந்தச் செடியோடு எதை ஒட்டுகிறோம் என்று தெரிய வேண்டும். சாதா வேரில் நிற்கிற கடைசி வரிசைக்குக் கொடுத்தால் அதோடு நின்றுவிடும். அது எப்படியோ துணையோடு ஒட்டியிருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்த நான், அப்போதுதான் முதல்முறையாகக் குனிந்து சூசைமாணிக்கத்தின் கடைசி வரிசைச் செடி ஒன்றை ஒட்டுக்குக் கீழே நகத்தால் சுரண்டினேன். இளஞ்சிவப்பு. அடுத்த செடி, அதுவும் இளஞ்சிவப்பு. நிமிர்ந்தேன். அவர் வானத்தில் மழை வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இது துணை."

"ம்."

"தடுப்பு வரிசையில சாதா வேர் வச்சேன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"போட்டேன்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "நட்ட வருசம் என் போர்ல காத்துதான் வந்துச்சு. அந்தப் புள்ள போர்ல தண்ணி பீய்ச்சி அடிக்கும். கடைசி வரிசையிலயும் துணைய வச்சுட்டா, நம்ம வேரு அங்கிட்டுப் போயி நாலு மடக்கு குடிச்சிக்கட்டும்னு... புத்தி போச்சு. திருட்டுத்தான். நான்தான் திருடன். எழுதிக்கங்க."

ஸ்டெல்லாவைப் பார்த்து அவர் அதைச் சொல்லவில்லை. குழிக்குள் பார்த்துச் சொன்னார். பிறகு ஸ்டெல்லா மெதுவாகப் பேசினார்.

"மேடம், என் பக்கத்தையும் சுரண்டிப் பாத்துருங்க."

குழியைத் தாண்டிப் போய்ச் சுரண்டினேன். இளஞ்சிவப்பு.

"அண்ணன் அப்ப ஆயிரத்தி ஐநூறு அடிக்குப் புது போர் போடப் போறதா பேச்சு. என் போர் எத்தனை நாளைக்குன்னு எனக்குப் பயம். அண்ணன் நல்லவரு, கண்டுக்க மாட்டாருன்னு நெனச்சேன்." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஆறு வருசமா ஒங்களப் பாக்கறப்பல்லாம் கூசும்ணே. ஒங்க தண்ணியத் திருடுறோமேன்னு. கூட்டத்துல எந் தண்ணி எனக்குன்னு நீங்க சொன்னப்ப எனக்கு மறுத்துப் பேச வாய் வரல."

"ஒருத்தர் மட்டும் செஞ்சிருந்தா ஒட்டியிருக்காது" என்றேன். "துணை சாதா வேர்ல ஒட்டாது. ரெண்டு பேரும் திருடினதாலதான் சேந்துச்சு."

இருவரும் என்னைப் பார்த்தார்கள், பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சூசைமாணிக்கத்துக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்து, முடியாமல் துண்டால் வாயை மூடிக்கொண்டார். ஸ்டெல்லா அழுதுகொண்டே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விதி எனக்கு மனப்பாடம்.

"பிடுங்கணுமா மேடம்?" என்று ஸ்டெல்லாதான் கேட்டார்.

"ரெண்டு தோட்டத்தையும்."

ஓஸ் பைப் குழியோரம் கிடந்தது. நான் யோசித்தேன். சுரண்டிப் பார்க்காமல் அறிக்கை எழுதியது நான். இருபத்தைந்து நாள் கொடுக்காதது நான். இப்போதும் விதியைக் காட்டினால் நான் மனுஷியே இல்லை. "முதல்ல கட்டுங்க. நான் அப்புறம் எழுதறேன்" என்றேன்.

அன்று மாலைக்குள் ஊரில் ஒட்டுக் கட்டத் தெரிந்த பெண்கள் ஆறு பேர் கத்தியோடு வந்துவிட்டார்கள். குழிக்கு மேலே கம்பி இழுத்து, ஸ்டெல்லாவின் கொடிகளைத் தாண்டவிட்டு, நாற்பது இடத்தில் சீவிக் கட்டினார்கள். கொடியின் பலமெல்லாம் காய்க்கே போய்விடக் கூடாது என்பதால் மூன்றில் ஒரு பங்கு குலைகளை வெட்டிவிட வேண்டியிருந்தது. வேறு யாரையும் தொட விடாமல் ஸ்டெல்லாவே வெட்டினார். சூசைமாணிக்கம் மோட்டாரை நிறுத்தவே இல்லை.

அறிக்கையை நான் உடனே எழுதவில்லை. ஒரு விஷயம் உறுத்திக்கொண்டிருந்தது. "தடுப்பு வரிசைக்குத் துணைக் கன்னு ஏது உங்களுக்கு? எண்ணித்தானே குடுத்தோம்?" என்று இருவரையும் கேட்டிருந்தேன். "நாப்பது கன்னு செத்துப்போச்சுன்னு சொல்லி மாத்து வாங்குனேன்" என்றார் ஒருவர். "நானும் அதேதான்" என்றார் மற்றவர். அந்த வருடம் நாற்றங்காலில் மாற்றுக் கன்று கேட்டு வந்தவர்கள் இவர்கள் இருவர் மட்டும் இல்லை. வரிசையில் நின்று வாங்கினார்கள். வெயில் அதிகம், பாவம் என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

அடுத்த ஒரு வாரம் தோட்டம் தோட்டமாகப் போய்க் கடைசி வரிசையைச் சுரண்டினேன். சிலர் பந்தலுக்கு அடியிலேயே நழுவினார்கள். சிலர் காப்பி கொடுத்துப் பேச்சை மாற்றினார்கள். சங்கத் தலைவர், "தோட்டத்துக்குள்ள எதுக்கு மேடம் வெயில்ல, வீட்டுக்கு வாங்க" என்று கையைப் பிடித்து இழுக்காத குறை. அவர் தோட்டமும் இளஞ்சிவப்பு. குழி எடுத்த பிறகும் அந்த இரண்டு தோட்டமும் ஒரேயடியாகச் சாகாமல் நின்றது மற்ற வரப்புகள் வழியாகக் கொஞ்சம் வந்ததால்தான். ஒவ்வொருவரும் தான் மட்டும்தான் திருடன் என்று நினைத்துக்கொண்டு, பக்கத்துத் தோட்டக்காரரிடம் ஆறு வருடமாகக் கொஞ்சம் கூடுதல் மரியாதையாகவே நடந்திருக்கிறார்கள். பாறைக்குளம்பட்டியில் தோட்டங்கள் இல்லை. ஒரே ஒரு செடிதான் இருந்தது.

இதையெல்லாம் அப்படியே எழுதி அனுப்பினேன். விதிப்படி என்றால் ஊரையே பிடுங்க வேண்டும். மையத்தில் மூன்று நாள் கூடிக் கூடிப் பேசிவிட்டு, தடுப்பு வரிசை விதியை நிறுத்தி வைப்பதாகக் கடிதம் அனுப்பினார்கள். சூசைமாணிக்கத்தின் தளிர்கள் மறுபடி ஓடின, ஸ்டெல்லாவின் தோட்டமும் தப்பியது. வெட்டு குறைவுதான், பழத்தின் சுவையும் சுமார்தான். ஆனாலும் அவர் லாரியில் ஏற வேண்டியிருக்கவில்லை. ஒரு தோட்டம் போனால் பக்கத்துத் தோட்டமும் வாடும் என்பதால் இனிமேல் ஊரில் யாரும் தன் இஷ்டத்துக்குத் தோட்டத்தை அழிக்க முடியாது, கவாத்து முறையை மாற்ற முடியாது. சூசைமாணிக்கத்தின் மகன் நிலத்தை விற்றுவிட்டு ஓசூரில் வீடு வாங்கும் ஆசையில் இருந்தான். அவனுக்கு அப்பா மீது இன்னும் கோபம்.

அறிக்கையில் நான் எழுதிய இளஞ்சிவப்புத் தோட்டங்கள் நாற்பது. நாற்பத்தொன்றாவது தோட்டம் ஊரின் வடக்குக் கோடியில் இருந்தது. மிக்கேல் என்பவருடையது. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கோடையில் அது முழுக்கப் பட்டுப்போயிற்று. இப்போது கல் தூண்களும் காய்ந்த அடித்தண்டுகளும்தான் மிச்சம். அந்தக் கோடையில் போர் வற்றிய தோட்டங்கள் ஊரில் பதினொன்று. மற்ற பத்தும் பிழைத்தன. பட்டுப்போன காரணத்தை விசாரிக்க வந்தது நான்தான். அதே ஊர், அதே வேர், அதே வெயில், மற்றவர்கள் தோட்டம் பிழைத்திருக்கிறது, ஆகவே காரணம் கவனிப்புக் குறைவு என்று எழுதினேன். நிவாரணப் பட்டியலில் அவர் பெயர் சேரவில்லை. அவர் குடும்பத்தோடு திருப்பூருக்குப் போய், ஒரு பனியன் கம்பெனியில் வாட்ச்மேனாக இருப்பதாகச் சொன்னார்கள்.

கணக்குக்காகத்தான் அந்தத் தோட்டத்துக்கும் போனேன். கடைசி வரிசையில் காய்ந்த தண்டு ஒன்றைக் கத்தியால் ஆழமாகச் சீவினேன். காய்ந்தும் நிறம் தெரிந்தது. பச்சை. நான்கு வரப்பிலும் ஒவ்வொரு தண்டும் பச்சை. சுற்றியிருந்த ஊரெல்லாம் ஒன்றுக்கொன்று ஊட்டிக்கொண்டிருந்த கோடையில் இந்த ஒரு தோட்டம் மட்டும் யாரும் தொடாமல் தனியாக நின்று செத்திருக்கிறது.

நம்பர் வாங்கிப் போன் செய்தேன்.

"மிக்கேல் அண்ணே, வேர் மையத்துலருந்து வசந்தமணி பேசறேன்."

"சொல்லுங்க மேடம். நல்லாருக்கீகளா?"

அவர் அப்படி விசாரித்தது எனக்குச் சுருக்கென்று இருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். பின்னால் தையல் மெஷின்களின் இரைச்சல் கேட்டுக்கொண்டிருந்தது.

"அப்ப கடைசி வரிசையில சாதாக் கன்னு வச்சது என் தப்பா மேடம்?"

"இல்லண்ணே. சொன்னபடி வச்சது நீங்க ஒருத்தர்தான்."

"நம்ம கையெழுத்துப் போட்டிருக்கோம்லனு வச்சேன்" என்றார். அதில் பெருமையும் இல்லை, குறையும் இல்லை. பிறகு சொன்னார்: "நீ ஒழுங்கா தண்ணி கட்டல, அதான் தோட்டம் போச்சுன்னு எம் பொண்டாட்டி இன்னமும் சொல்லிக் காட்டுவா மேடம். ஆபீசரே எழுதிக் குடுத்துட்டாகல்லம்பா. சொல்லிச் சொல்லி நானும் அப்பிடித்தான்போலனு நெனச்சுக்கிட்டேன்."

"அது உங்க தப்பில்லன்னு அவங்ககிட்ட சொல்லுங்கண்ணே" என்றேன்.

"இருங்க, சோறு கொண்டுட்டு வந்திருக்கா. நீங்களே சொல்லிருங்க."

போன் கைமாறியது. "யாருங்க?" என்றது ஒரு பெண்குரல்.

"அந்த ரிப்போர்ட்டை எழுதினவ பேசறேம்மா" என்றேன்.